இரு வேலிகளுக்கு நடுவே

ஜெனரல் கே. எஸ். திம்மையாவைப் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கும் ஒரு காட்சி தெரிந்திருக்கும். 1948 நவம்பர் முதல் தேதி. காஷ்மீரின் ஜோஜி லா கணவாய். 11,000 அடிக்கு மேலான உயரம், பனி. டாங்கி ஏறவே முடியாது என்று எதிரி நம்பியிருந்த மலையில் ஸ்டுவர்ட் டாங்கிகள் ஏறி வருகின்றன. முன்னால் வரும் டாங்கியில் டிவிஷன் தளபதியே உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் திம்மையா. திரைப்படத்துக்கு ஏற்ற காட்சி. ஆனாலும் அந்த மனிதரை எடைபோட அந்தக் காட்சி போதாது என்று எனக்கு வெகுநாளாகத் தோன்றிவருகிறது. அவருடைய தொழில் முழுதாக வெளிப்பட்டது ஐந்து வருடம் கழித்துக் கொரியாவில். கையில் துப்பாக்கி இருந்தும் அதைக் கூடியமட்டும் தொடாமல் ஒரு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்த நாலு மாதங்களில். அந்த நாலு மாதத்தைப் பற்றி எழுதவே இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். எழுத எழுத, 1959இல் டில்லியில் நடந்ததையும் அதோடு சேர்த்துப் பேசாமல் முடியாது என்று ஆகிவிட்டது.

திம்மையா 1906 மார்ச்சில் மடிக்கேரியில் பிறந்தார். காப்பித் தோட்டக் குடும்பம். ஆண்பிள்ளை பிறந்தால் வாசலில் துப்பாக்கி வெடித்து ஊருக்குச் சொல்லும் சமூகம் குடகர்களுடையது. அந்த வீட்டின் மூன்று ஆண்பிள்ளைகளும் பட்டாளத்துக்கே போனார்கள். சிறு வயதில் குன்னூர் செயின்ட் ஜோசப் பள்ளி, பிறகு பெங்களூர் பிஷப் காட்டன், 1922இல் டேராடூனில் தொடங்கிய ராணுவக் கல்லூரி, அங்கிருந்து சாண்ட்ஹர்ஸ்ட். 1926 பிப்ரவரியில் அதிகாரியாக வெளியே வந்தார்.

அவர் சேர்ந்த படைப்பிரிவைக் கவனிக்க வேண்டும். 19ஆம் ஹைதராபாத் ரெஜிமெண்டின் நாலாவது பட்டாலியன் அது. இந்திய அதிகாரிகளைப் படையில் சேர்த்துக்கொள்வது என்று பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்தபோது, அதற்கென்று எட்டுப் பிரிவுகளை 1923இல் தனியே ஒதுக்கியது. எந்த வெள்ளை அதிகாரியும் ஓர் இந்தியனுக்குக் கீழே வேலைபார்க்க நேர்ந்துவிடக் கூடாது, அதற்கான ஏற்பாடு. அந்த எட்டில் ஒன்று திம்மையாவின் பட்டாலியன். இன்னொன்று ஏழாம் லைட் கேவல்ரி. கால் நூற்றாண்டு கழித்து ஜோஜி லாவில் அவர் ஏற்றிய டாங்கிகள் அந்த ஏழாம் கேவல்ரியுடையவை. ஒதுக்கிவைக்கப்பட்ட இரண்டு பிரிவுகளின் வாரிசுகள் அந்தக் கணவாயில் சந்தித்துக்கொண்டதை எந்த ராணுவ நூலும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு அது டாங்கிகள் ஏறிய உயரத்தைவிட முக்கியமாகப் படுகிறது.

அலகாபாத்தில் இளம் அதிகாரியாக இருந்த காலத்தில் ஒரு பெரியவர் அவரிடம், ஆங்கிலேயன் சீருடையை இந்தியன் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். வெக்கையாக இருக்கிறது என்றாராம் திம்மையா. கேட்டவர் மோதிலால் நேரு. பிறகு நெருக்கமானார்கள். ராணுவத்தை விட்டுவிடலாமா என்ற குழப்பம் திம்மையாவுக்கு வந்தபோது, விடாதே, நாளைக்குச் சுதந்திர நாட்டுக்கு ஒரு படை வேண்டும் என்று தடுத்தவரும் மோதிலால்தான் என்கிறது அவருடைய வாழ்க்கை வரலாறு. அந்த யோசனையை அவர் ஏற்றார். ஏற்றதற்கு விலை இருந்தது. அண்ணன் பொன்னப்பா போர்க்காலத்தில் சுபாஷ் போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். தம்பி திம்மையா அதே காலத்தில் பர்மாவில் பிரிட்டிஷ் கொடியின் கீழ் போரிட்டுக்கொண்டிருந்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகள், நாட்டைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரே ஆசை, சேர்ந்த படை மட்டும் வேறு. யார் செய்தது சரி என்று இன்று தீர்ப்பு எழுதுவது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை.

போருக்கு முந்திய வருடங்களை விரைவாகக் கடந்துவிடலாம். 1935இல் நீனாவைத் திருமணம் செய்துகொண்டார். அதே வருடம் குவெட்டாவைப் பூகம்பம் விழுங்கியபோது இருவரும் அங்கே இருந்தார்கள். நிவாரண வேலைக்காக நீனாவுக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கிடைத்தது. கொஞ்சகாலம் சென்னையில் பல்கலைக்கழக மாணவர் பயிற்சிப் படையின் அதிகாரியாக இருந்தார். பிறகு பட்டாலியன் சிங்கப்பூர் போயிற்று. அவர் மாற்றலாகி இந்தியா திரும்பியிருந்த நேரத்தில், 1942 ஜனவரியில், அதே பட்டாலியன் மலாயாவின் ஸ்லிம் ஆற்றங்கரையில் ஜப்பானியரிடம் சிதறிப்போனது. பர்மாவின் அரக்கான் பகுதியில் எட்டாவது பட்டாலியனுக்குத் தலைமை ஏற்று 1945இல் காங்கா சண்டையில் டி.எஸ்.ஓ. என்ற வீர விருது பெற்றார். மூன்று பட்டாலியன்களுக்கும் இந்தியர்களே தலைமை தாங்கிய பிரிகேட் அது. மூன்று தலைவர்களுக்கும் டி.எஸ்.ஓ. கிடைத்தது. அந்த மூவரில் ஒருவர் எஸ். பி. பி. தோரட். இந்தப் பெயர் பின்னாலும் வரும்.

1947இல் பஞ்சாப் எரிந்தபோது எல்லைப் பாதுகாப்புக்கென்று அமைத்த படையில் திம்மையா இந்தியத் தரப்பு ஆலோசகர்களில் ஒருவர். பாகிஸ்தான் தரப்பு ஆலோசகர்களில் ஒருவர் அயூப் கான். ஒரே மாதத்தில் அந்தப் படை கலைக்கப்பட்டது. மதத்தின் பெயரால் பிரிந்துகொண்டிருந்த ராணுவத்தை வைத்து மதக் கொலைகளைத் தடுக்க முயன்ற படை வேறெப்படி முடிந்திருக்கும்? நடுவில் நிற்பவனுக்கு ஆள்பலமும் காலமும் வேண்டும். தன்னை இருதரப்பும் நம்ப வேண்டும். இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத் திம்மையா முதலில் பார்த்தது பஞ்சாபில்தான்.

காஷ்மீருக்கு வருகிறேன். 1948 மே மாதம், வரைபடத்தில் சரியாகக் குறிக்கப்படாத மலைத்தொடர்களின் மேலாக ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டகோட்டா விமானத்தை லேவுக்கு ஓட்டிப்போனார். சோனம் நோர்பு என்ற பொறியாளர் ஆற்றங்கரையில் அவசரமாகப் போட்டிருந்த மண் ஓடுதளத்தில் இறங்கினார். உள்ளே பயணியாக உட்கார்ந்திருந்தவர் திம்மையா. லடாக்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தரைவழியும் வேண்டும். அதை ஜோஜி லா அடைத்துக்கொண்டிருந்தது. செப்டம்பரில் காலாட்படை இருமுறை மோதித் தோற்றது. அதன்பிறகுதான் டாங்கி என்ற யோசனை. சுழல் கோபுரத்தைக் கழற்றி, ஸ்ரீநகர் வழியாக ரகசியமாகக் கொண்டுவந்தார்கள். கோவேறு கழுதைகள் போகும் தடத்தை டாங்கி போகும் பாதையாக்கியது மெட்ராஸ் சாப்பர்ஸின் இரண்டு கம்பெனிகள். வேலூர், ஆரணிப் பக்கத்திலும் இன்னும் எத்தனையோ தென்னாட்டுச் சிற்றூர்களிலும் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய கிழவர்களின் கைகள் அந்தப் பாதையில் பாறை உடைத்திருக்கின்றன. டாங்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதையைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். நவம்பர் முடிவதற்குள் கார்கில் மீட்கப்பட்டது. இதே காஷ்மீர்ப் போரில்தான் திம்மையாவின் தம்பி சோமய்யா கண்ணிவெடியில் இறந்தார்.

இனி கொரியா.

1949இல் எழுதிய ஜெனீவா ஒப்பந்தம், சண்டை ஓய்ந்ததும் போர்க்கைதிகளைத் தாமதமின்றி ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறது. ஊருக்குப் போக விரும்பாத கைதி ஒருவன் இருப்பான் என்பது எழுதியவர்களின் மனதில் பெரிதாக இருந்திருக்காது. கொரியப் போரில் அப்படிப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர் வந்துவிட்டார்கள். கட்டாயப்படுத்தி அனுப்ப மாட்டோம் என்றது அமெரிக்கா. எங்கள் ஆட்களை எல்லோரையும் கொடு என்றன சீனாவும் வடகொரியாவும். இந்த ஒரே கேள்வியில் சமாதானப் பேச்சு ஒரு வருடத்துக்கும் மேல் முடங்கிக் கிடந்தது; அந்தக் காலம் முழுக்கப் போர்முனையில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1952 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இந்தியாவின் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. கைதிகளை நடுநிலை நாடுகளின் ஆணையத்திடம் ஒப்படைப்பது, யாரையும் பலவந்தமாக அனுப்புவதோ தடுப்பதோ கூடாது என்பது அதன் சாரம். எழுதி, எல்லாத் தலைநகரங்களிடமும் திட்டு வாங்கி, நிறைவேற்றியவர் வி. கே. கிருஷ்ண மேனன். அடுத்த வருடம் ஜூலை 27 அன்று கையெழுத்தான போர்நிறுத்தத்தில் அதே யோசனைதான் வேறு சட்டை போட்டு உட்கார்ந்திருந்தது. ஆணையத்தில் சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாகியா, இந்தியா. தலைவர் இந்தியா. இந்தியா அனுப்பியது திம்மையாவை.

அவரோடு யார் யார் போனார்கள் என்பதைப் பாருங்கள். கைதிகளைக் காவல் காக்கும் இந்தியப் படைக்குத் தலைவர், காங்காவில் உடன் நின்ற தோரட். ஆணையத்தில் திம்மையாவின் தலைமை அலுவலர், பி. எம். கௌல். ஆலோசகர்களில் ஒருவர், பிற்காலத்தில் இந்திரா காந்தியின் வலதுகையாக இருந்த பி. என். ஹக்சர். மேனனின் திட்டம், திம்மையாவின் தலைமை, தோரட்டின் காவல், கௌலின் அலுவலகம். பத்து வருடத்துக்குள் இந்த நாலு பேரும் இந்தியாவின் பெரிய துயரம் ஒன்றில் நாலு மூலைகளில் நிற்கப்போகிறார்கள். கொரியாவில் ஒரே வேலையின் நாலு கால்களாக இருந்தார்கள்.

தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியச் சிப்பாய் ஒருவன்கூட என் மண்ணில் கால்வைக்கக் கூடாது என்றார். அதனால் இஞ்சோன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து அமெரிக்க ஹெலிகாப்டர்களில் ஏற்றி, தென்கொரிய நிலத்தை மிதிக்காமலே, படை நீக்கப்பட்ட பகுதியில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள். முகாமுக்கு ஹிந்த் நகர் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். செப்டம்பர் முடிவதற்குள் தெற்குத் தரப்பிலிருந்து 22,604 கைதிகள் அவர்கள் கைக்கு வந்தார்கள்; பெரும்பகுதி சீனர்கள், மற்றவர்கள் வடகொரியர்கள். வடக்குத் தரப்பிலிருந்து 359 பேர். அதில் 23 அமெரிக்கர்கள், ஒரு பிரிட்டிஷ்காரர்.

முள்வேலிக்கு உள்ளே கைதிகளிடம் வேறொரு அரசாங்கம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வளாகத்துக்கும் தலைவர்கள். அவர்களுக்கு வெளியே எஜமானர்கள். ஊருக்குப் போகிறேன் என்று வாய்திறந்தவன் இரவில் கொல்லப்படலாம். காலையில் பிணம்தான் கிடைக்கும், சாட்சி கிடைக்காது. செப்டம்பர் 25 அன்று மேஜர் கிரேவால் என்ற இந்திய அதிகாரியைச் சீனக் கைதிகள் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார்கள். வெளியே இயந்திரத் துப்பாக்கிகள் தயாராக இருந்தன. தோரட் சில பேரோடு ஆத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நடந்து போனார். பேசினார், அவர்களைப் பேச விட்டார், பேச்சின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். அதிகாரியை மீட்டுக்கொண்டு வெளியே வந்தார். எல்லா நாளும் அப்படி முடியவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் இந்தியக் காவலர்கள் சுட வேண்டிவந்தது. கைதிகள் சிலர் இறந்தார்கள். கொரியாவில் இந்தியா ரத்தமே படாமல் வேலைசெய்தது என்று சொல்லிப் பெருமைப்பட முடியாது. அப்படிச் சொல்வது அந்த இறந்தவர்களுக்கும், சுட்டுவிட்டு அந்த நினைவோடு ஊர்திரும்பிய சிப்பாய்களுக்கும் செய்யும் அநியாயம்.

விளக்கக் கூடாரங்களில்தான் மிகக் கடினமான வேலை இருந்தது. ஒவ்வொரு கைதியையும் தனித்தனியாக உட்காரவைத்து, அவன் நாட்டுப் பிரதிநிதி, ஊருக்கு வா, தண்டனை கிடையாது, வீடு காத்திருக்கிறது என்று எடுத்துச்சொல்லலாம். ஐந்து நாட்டு உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிர்த் தரப்புப் பார்வையாளர், மொழிபெயர்ப்பாளர், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள இந்தியச் சிப்பாய்கள். கூடாரத்துக்கு இரண்டு வாசல். ஒன்றில் போனால் ஊர். மற்றதில் போனால் மறுபடி வளாகம். உள்ளே வந்த பல கைதிகள் கத்தினார்கள், துப்பினார்கள், நாற்காலியைத் தூக்கி எறிந்தார்கள், கோஷம் போட்டார்கள். ஒரு மனிதனின் வாயிலிருந்து வருவது அவனுடைய சொந்த முடிவா, வளாகத்துத் தலைவன் சொல்லிக்கொடுத்ததா, பயமா என்று பிரித்தறிய வேண்டும். உத்தரப் பிரதேசத்திலிருந்தோ மராட்டியத்திலிருந்தோ வந்த ஒரு ஜவான், சீனமும் தெரியாது கொரியமும் தெரியாது, அழுதுகொண்டு திமிறும் ஒருவனின் தோளைப் பிடித்தபடி நிற்கிறான். அந்தப் பிடி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? தளர்ந்தால் அவன் பிரதிநிதியின் மேல் பாய்வான். இறுக்கினால் பலவந்தம் என்று அறிக்கை போகும். ராணுவப் பயிற்சி நூல் எதுவும் இதற்குப் பாடம் வைத்திருக்கவில்லை.

கூடாரத்துக்கு வரவே மாட்டோம் என்று வளாகங்கள் மறுத்தன. இழுத்து வா என்று சீனத் தரப்பு வற்புறுத்தியது. போலந்தும் செக்கோஸ்லோவாகியாவும் அதை ஆதரித்தன. சுவீடனும் சுவிட்சர்லாந்தும் மறுத்தன. முடிவு தலைவரிடம். வளாகங்களுக்குள் படையை அனுப்பினால் நூற்றுக்கணக்கானவர்கள் சாவார்கள். அவ்வளவு பேரைக் கொன்று மிச்சமிருப்பவர்களிடம் உன் சுதந்திரமான முடிவு என்ன என்று எப்படிக் கேட்பது? திம்மையா படையை அனுப்பவில்லை. அதன் விளைவு மிகத் தெளிவு. 90 நாள் விளக்க காலத்தில் பத்து நாள்தான் விளக்கம் நடந்தது. சில ஆயிரம் பேர்தான் கூடாரத்துக்குள் வந்தார்கள். ஊருக்குப் போகத் தேர்ந்தவர்கள் எழுநூறு பேருக்கும் குறைவு. உள்ளே வராத மீதிப்பேர் என்ன நினைத்தார்கள் என்பதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. திட்டத்தின்படி பார்த்தால் இது தோல்வி. அந்தத் தோல்வியை அவர் வெற்றி என்று சொல்லித் திரியவில்லை.

1954 ஜனவரி 20 அன்று, விடுதலை செய்யும் அதிகாரம் எனக்கில்லை என்று சொல்லி, கைதிகளை அவரவரைப் பிடித்துவைத்திருந்த தரப்பிடமே திருப்பி ஒப்படைத்தார். ஐ.நா. தரப்பு அவர்களை விடுதலை செய்தது. அது சட்டவிரோதம் என்று சீனா சொன்னது. ஒப்படைத்த முறையே தவறு என்று ஆணையத்துக்குள்ளேயே குரல்கள் எழுந்தன. இரண்டு பக்கமும் அவரை ஏசின. திட்டமிட்டது நடக்காதபோது, நடந்ததை நடந்தபடி எழுதி, தன் அதிகாரம் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்திக்கொண்டது சின்ன விஷயமல்ல என்று நினைக்கிறேன். படைபலம் கையில் இருக்கும் மனிதனுக்கு இன்னும் ஓர் அடி எடுத்துவைப்பது எப்போதும் சுலபம்.

இரு பக்கமும் வேண்டாம், வேறெங்காவது நடுநிலை நாட்டுக்கு அனுப்புங்கள் என்றவர்கள் 88 பேர். 76 கொரியர்கள், 12 சீனர்கள். அவர்களை இந்தியப் படையோடு கப்பலில் ஏற்றினார்கள். 1954 பிப்ரவரியில் அவர்கள் வந்து இறங்கிய கரை சென்னைத் துறைமுகம். பிறகு பலர் பிரேசிலுக்கும் அர்ஜெண்டினாவுக்கும் போனார்கள், சிலர் இந்தியாவிலேயே தங்கினார்கள். கொரிய இலக்கியத்தில் இந்த 88 பேருக்கு ஓர் அழியாத இடம் உண்டு. சோய் இன்-ஹுன் 1960இல் எழுதிய 'சதுக்கம்' நாவலின் நாயகன், வடக்கையும் தெற்கையும் மறுத்துவிட்டு நடுநிலை நாட்டுக்குக் கப்பலேறுகிறவன். கரை சேராமல் கடலில் குதித்துவிடுகிறான். கொரியாவில் பள்ளிப்பிள்ளைகள்கூடப் படிக்கும் அந்த நாவலின் கப்பல் இந்தியாவை நோக்கி வந்த கப்பல் என்பதும், நிஜக் கப்பல் வந்து நின்றது நம் சென்னைக் கரை என்பதும் தமிழில் நாம் பேசிக்கொள்ளாத செய்தி. துறைமுகத்தில் அன்று நின்று பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். யாராவது எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

திம்மையா கொரியாவில் எழுதிய குறிப்புகள் அவர் இறந்து பதினாறு வருடம் கழித்து, 1981இல்தான் நூலாக வந்தன.

1957 மே மாதம், தனக்கு மூத்தவர்கள் இருவரைத் தாண்டித் திம்மையா ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். அதற்குச் சில வாரம் முன்புதான் மேனன் பாதுகாப்பு அமைச்சராகியிருந்தார். கொரியத் தீர்மானத்தை எழுதியவரும் அதை நடத்திக்காட்டியவரும் ஒரே அமைச்சகத்தில். இதைவிட நல்ல ஜோடி அமைந்திருக்க முடியாது என்று யாராவது அன்று நினைத்திருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டே வருடத்தில் எல்லாம் முறிந்தது.

முறிந்ததற்குக் காரணங்கள் பல. பதவி உயர்வுகளில் அமைச்சர் நேரடியாகத் தலையிட்டார். குறிப்பாக, போர்முனையில் படையை நடத்தி அனுபவமில்லாத கௌலின் உயர்வு. பாகிஸ்தானோடு கூட்டுப் பாதுகாப்பு என்று அயூப் கான் சொன்ன யோசனையை எப்படிப் பார்ப்பது என்பதிலும் பிளவு இருந்தது. திபெத்தில் சீனப் படை குவிந்துகொண்டிருந்தது. மேனனின் கண் பாகிஸ்தான் பக்கமே இருந்தது. 1959 ஆகஸ்ட் 25 அன்று லோங்ஜுவில் சீனர்கள் இந்தியக் காவல்நிலையைத் தாக்கினார்கள். அடுத்த சில நாட்களில் திம்மையா பிரதமரிடம் நேரில் முறையிட்டார். தன்னைத் தாண்டிப் போனதற்கு மேனன் கோபப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று திம்மையா ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு அன்றே அழைத்துப் பேசினார். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். செய்தி மறுநாளே பத்திரிகையில் வந்துவிட்டது. செப்டம்பர் 2 அன்று நேரு பாராளுமன்றத்தில் பேசினார்: இது அற்பமான மனத்தாங்கல், ஜெனரல் நடந்துகொண்ட விதத்தைப் பாராட்ட முடியாது, சிவில் அதிகாரமே உயர்ந்தது.

நேருவின் பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. முந்தைய வருடம் அக்டோபரில்தான், பஞ்சாப் எல்லைப் படையில் திம்மையாவோடு ஆலோசகராக இருந்த அதே அயூப் கான், பாகிஸ்தானின் ஆட்சியைப் பிடித்திருந்தார். ஒரே பாரம்பரியத்தில் வந்த இரண்டு படைகள்; ஒன்று அரண்மனைக்குள் புகுந்துவிட்டது. தளபதி ராஜினாமா செய்வதாக மிரட்டி அமைச்சரை மாற்றும் வழக்கம் இந்தியாவில் தொடங்கக் கூடாது என்று ஒரு பிரதமர் நினைப்பது நியாயம். அந்தக் கொள்கைக்கு நாம் இன்றும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கொள்கையைக் காப்பாற்ற, முதல்நாள் மாலை தான் கேட்டுக்கொண்டதற்காகக் கடிதத்தைத் திரும்பப் பெற்ற மனிதரை, இரண்டு நாள் கழித்து நாட்டின் முன்னால் சிறுமைப்படுத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது நேரு செய்த பிழை. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்; நேருவை நேசிக்கிற தலைமுறையின் பிள்ளை நான்.

திம்மையாவின் பிழையும் உண்டு. ராஜினாமாவைக் கொடுத்தது பிழையல்ல. பதவியை விட்டு வெளியே போவது, ராணுவ அதிகாரிக்கு ஜனநாயகம் விட்டுவைத்திருக்கும் ஒரே கண்ணியமான எதிர்ப்பு. சிவில் அதிகாரத்துக்கு அதனால் ஊறு எதுவும் கிடையாது. திரும்பப் பெற்றதுதான் பிழை. பிரதமர் கேட்கிறார், எல்லையில் சீனன் நிற்கிறான், மோதிலால் வீட்டோடு உண்டான பழைய பாசம்; எல்லாம் சேர்ந்து அவரை இளக்கியிருக்கும். கொரியாவில், ஒருவனை நாலு பேர் சூழ்ந்து வற்புறுத்தும்போது அவனுடைய மறுப்பு எவ்வளவு நொய்ந்துபோகும் என்பதை அருகிலிருந்து பார்த்தவர் அவர். தன் முறை வந்தபோது தன் மறுப்பை ஒரு மாலைகூட அவரால் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பின் இருபது மாதம் பதவியில் இருந்தார். பேச்சில் பழைய பலம் இல்லாத தளபதியாக. வாய்திறந்தால் என்ன ஆகும் என்பதை அவருக்குக் கீழே இருந்த ஜெனரல்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள்.

1960இல் கிழக்குப் பிராந்தியத் தளபதியாக இருந்த தோரட், சீனா தாக்கினால் எப்படி நடக்கும் என்று லால் கிலா என்ற பெயரில் ஒரு போர்ப்பயிற்சி நடத்திக் காட்டினார். டில்லி அதைப் பொருட்படுத்தவில்லை. 1961 மே மாதம் திம்மையா ஓய்வு பெற்றபோது தனக்குப் பின் தோரட் வர வேண்டும் என்று விரும்பினார். வந்தவர் பி. என். தாப்பர். கௌல் தலைமையகத்தின் அதிகாரமிக்க பதவிக்கு உயர்ந்தார். 1962 ஜூலையில், சீனப் போருக்கு மூன்று மாதம் முன், 'செமினார்' இதழில் திம்மையா ஒரு கட்டுரை எழுதினார். சீனாவை இந்தியா தனியாக வெளிப்படையான போரில் சந்திப்பதை ஒரு சிப்பாயாகத் தன்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை என்றும், அந்த எல்லையைக் காப்பது அரசியல்வாதிகளின், ராஜதந்திரிகளின் பொறுப்பு என்றும் அதில் வெளிப்படையாகச் சொன்னார். அக்டோபரில் கௌல் வடகிழக்கில் படைக்குத் தலைமை ஏற்றார். அதன்பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். மேனன் பதவி இழந்தார், கௌல் விலகினார், தாப்பர் விலகினார். பருத்திச் சட்டையும் கான்வாஸ் காலணியுமாக அந்த உயரத்துக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்கள் பனியில் கிடந்தார்கள்.

திம்மையா 1959இல் போயிருந்தால் 1962 வேறாக இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாட்டுக்கு ஒரு வாதம் கிடைத்திருக்கும். பாராளுமன்றமும் பத்திரிகைகளும் எல்லையைப் பற்றியும் படையின் நிலையைப் பற்றியும் மூன்று வருடம் முன்பே உரக்கப் பேசியிருக்கும். அற்ப மனத்தாங்கல் என்ற ஒரு சொல்லில் அந்தப் பேச்சு மூடப்பட்டுவிட்டது.

1964 ஜூலையில் ஐ.நா. அவரைக் கேட்டது. சைப்ரஸில் கிரேக்கர்களும் துருக்கியர்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிற்கும் படைக்குத் தலைவர் தேவை. ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகியிருந்த, 58 வயது மனிதர், சரி என்று கிளம்பிவிட்டார். ஆகஸ்டில் கோக்கினாவில் கிரேக்கத் தரப்பு தாக்க, துருக்கி விமானங்கள் குண்டு வீச, தீவு முழுப் போரின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. மறுபடியும் இரண்டு வேலிகள், மறுபடியும் இரண்டு தரப்பின் வசவு. அந்த வேலை அவருக்கு அத்துப்படி. 1965 டிசம்பர் 18 அன்று, பணியிலேயே, மாரடைப்பில் இறந்தார். உடல் பெங்களூர் வந்தது. அடுத்த வருடம் சைப்ரஸ் அவர் படத்தோடு தபால்தலை வெளியிட்டது. மடிக்கேரியில் அவர் பிறந்த வீடு 2021இல்தான் நினைவு அருங்காட்சியகம் ஆயிற்று.

அவர் இறந்து நாலு வருடம் கழித்து அதே பதவிக்கு இன்னொரு இந்தியர் போனார்: திவான் பிரேம் சந்த். 1974 ஜூலையில் துருக்கிப் படை தீவில் இறங்கி நிகோசியா விமான நிலையத்தை நோக்கி வந்தது. கிரேக்கத் தரப்பும் அதை விடுவதாக இல்லை. பிரேம் சந்தின் ஐ.நா. படை விமான நிலையத்தைத் தன் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்து உள்ளே நின்றுகொண்டது. எண்ணிக்கையில் துருக்கிப் படைக்கு முன்னால் அது எம்மாத்திரம்? ஆனாலும் நகரவில்லை. துருக்கியர்கள் விமான நிலையத்துக்குள் நுழையவில்லை.